சிறுநீர்ப்பையைக் கிருமிநாசினியால் கழுவலாமா?

நெய்வேலி நகரியத்தில் பணி ஓய்வு பெற்ற மூத்தோர் பலர் வாழ்கின்றனர். பக்கவாதம், புராஸ்டேட் வீக்கம், இடுப்பெலும்பு முறிவு போன்றவற்றால் அவர்களுள் சிலர் கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாயுடன் வீடு திரும்ப நேர்கிறது. "புண்ணைக் கழுவுவதுபோல் சிறுநீர்ப்பையையும் கிருமிநாசினியால் கழுவினால் தொற்று வராதல்லவா?" என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. அக்கறையில் எழும் கேள்விதான். ஆனால், தொற்றைத் தடுப்பதற்கென வழக்கமாக அவ்வாறு கழுவுதல் கூடாது.

ஏன் கூடாது?

குழாயின் உட்சுவரில் கிருமிகள் வழவழப்பான படலமாகப் படிகின்றன. கழுவும் நீர் அதனை முற்றிலும் அகற்றுவதில்லை. மேலும், குழாயும் பையும் இணையும் இடத்தை ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் புதிய கிருமிகளுக்கு வழி திறக்கிறது.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஆன்டிபயாட்டிக் கலந்த நீரால் கழுவப்பட்டவர்களுக்கும் கழுவப்படாதவர்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவிலேயே தொற்று ஏற்பட்டது. பயன் ஏதுமில்லை, மருந்துக்கு அடங்காத கிருமிகளே மிகுந்தன. அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இவ்வாறு வழக்கமாகக் கழுவுவதைப் பரிந்துரைக்கவில்லை.

குளோர்ஹெக்சிடின் சிறுநீர்ப்பையின் மென்சவ்வைப் புண்ணாக்கி இரத்தக் கசிவை உண்டாக்கலாம். போவிடோன் அயோடினிலுள்ள அயோடின் உடலுக்குள் ஈர்க்கப்படலாம். தைராய்டு நோயுள்ளோர்க்கு இது நல்லதன்று. வீட்டில் பயன்படுத்தும் டெட்டாலைக் குழாய்க்குள் ஒருபோதும் செலுத்தாதீர்கள்.

புராஸ்டேட் அறுவைக்குப் பின் இரத்தக் கட்டிகள் அடைக்காதிருக்க மருத்துவமனையில் சலைன் செலுத்திக் கழுவுவது உண்டு. அது அடைப்பைத் தடுப்பதற்கானது. மருத்துவர் மேற்பார்வையில் நடைபெறுவது.

வீட்டில் செய்ய வேண்டியவை

• குழாயைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் சோப்பிட்டுக் கைகளைக் கழுவுங்கள்.
• குழாய் வெளிவரும் இடத்தை நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு தூய்மை செய்யுங்கள்.
• பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படவிடாதீர்கள்.
• பை நிரம்பி வழியுமுன் கீழ்த்திறப்பின் வழியே வடித்துவிடுங்கள், இணைப்பைப் பிரிக்காதீர்கள்.
• மருத்துவர் நீரைக் கட்டுப்படுத்தியிராவிடில் போதிய நீர் பருகச் செய்யுங்கள். நம் ஊர்க் கோடையில் இது மிகவும் இன்றியமையாதது.

காய்ச்சல், குளிர்நடுக்கம், அடிவயிற்று வலி, சிறுநீரில் இரத்தம், சிறுநீர் வடியாமை, முதியவரிடம் திடீர் மனக்குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். சிறுநீர் கலங்கியிருப்பது மட்டுமே தொற்றுக்குச் சான்றாகாது. தாமாக ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குழாய் உள்ளிருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே, ஒவ்வொரு முறை வரும்போதும் "இந்தக் குழாய் இன்னும் தேவைதானா?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். தேவை தீர்ந்தவுடன் குழாயை அகற்றுவதே தொற்றைத் தடுக்கும் சிறந்த வழி.