நாற்காலி போன வழியே போன ஹாக்கி

விரலால் ஒரு நெம்புகோலை அசைக்கும் வலு இருந்தால் போதும், ஹாக்கி ஆடலாம். பவர்சேர் ஹாக்கி அதைச் சாத்தியமாக்கியிருக்கிறது. மோட்டாரில் ஓடும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி ஆடும் இந்த ஹாக்கி, 1970-களில் நெதர்லாந்தில் பிறந்தது. தசைச் சிதைவு நோய், பெருமூளை வாதம் போன்றவற்றால் கை, கால் இரண்டுமே சரியாக ஒத்துழைக்காதவர்களுக்கான ஆட்டம் இது. கையால் சக்கரத்தைத் தள்ளி ஆடும் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில்கூட இவர்களுக்கு இடமில்லை.

ஆடுகளம் 26 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். சுற்றிலும் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடுப்புப் பலகை. துளைகள் போட்ட, கனமில்லாத பிளாஸ்டிக் பந்து. அணிக்கு ஐந்து பேர். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடுவார்கள். 20 நிமிடம் வீதம் இரண்டு பாதிகள். நாற்காலியின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அதைச் சோதித்துப் பார்த்துத்தான் களத்தில் விடுவார்கள்.

கையில் வலு உள்ளவர் மட்டை பிடித்து அடிப்பார். அது முடியாதவருக்கு, நாற்காலியின் முன்புறம் தரையை ஒட்டி டி-ஸ்டிக் என்ற மட்டையைப் பொருத்துவார்கள். பந்தை அதில் வாங்கி, நாற்காலியைச் சட்டென்று சுழற்றினால் பந்து பாய்ந்து போகும். கோல்கீப்பர் டி-ஸ்டிக்தான் வைத்திருக்க வேண்டும். அவரைத் தவிர இன்னொரு டி-ஸ்டிக் ஆட்டக்காரராவது களத்தில் இருந்தாக வேண்டும். இதற்கு மேல் ஒரு கணக்கும் உண்டு: ஒவ்வொருவரின் உடல் இயக்கத்தையும் பரிசோதித்துப் புள்ளி தருகிறார்கள், களத்தில் நிற்கும் ஐவரின் கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. வலு உள்ளவர்களையே இறக்கி வெல்லலாம் என்று எந்தப் பயிற்சியாளரும் நினைக்க முடியாது.

என்னைக் கேட்டால், இந்த விதிகள்தான் ஆட்டத்தின் உயிர். டுஷென் என்ற தசைச் சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வருவது. நாலைந்து வயதில் ஓடும்போது தடுமாறுவார்கள். பதின்வயதின் தொடக்கத்தில் பெரும்பாலும் நடை நின்றுபோகும். பிறகு கைகளும் மெல்லத் தளரும். பயிற்சி செய்யச் செய்ய உடல் தேறும் என்ற, எல்லா விளையாட்டுக்கும் அடிப்படையான நம்பிக்கை இங்கே செல்லாது. மட்டை பிடித்து ஆடத் தொடங்கும் சிறுவன், சில ஆண்டுகளில் அதைத் தூக்க முடியாமல் டி-ஸ்டிக்குக்கு மாற நேரலாம். ஆனால் அதே அணியில்தான் இருப்பான். அவனது புள்ளி குறையக் குறைய அணிக்கு அவன் தேவை கூடுகிறது. எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான், பந்து பலகையில் பட்டு எங்கே வரும் என்று ஆண்டுக்கணக்கில் கற்ற கணிப்பு தசையோடு தேய்ந்துவிடுவதில்லை. உடல் தளர்ந்துகொண்டே போகும் ஒருவரை அணியை விட்டு அனுப்பாமல் வைத்துக்கொள்ள இத்தனை கவனமாக விதி எழுதிய வேறோர் ஆட்டம் எனக்குத் தெரியாது.

மின்சாரச் சக்கர நாற்காலி இல்லாமல் இந்த ஆட்டம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய கனடிய வீரர்களுக்காகப் பொறியாளர் ஜார்ஜ் கிளைன் அதை உருவாக்கினார். அந்த நாற்காலி எந்த நாடுகளில் பொதுச் செலவில் வீடு தேடி வந்ததோ, அங்கே பெரும்பாலும் ஹாக்கியும் பின்னாலேயே வந்தது. டென்மார்க்கில் 1971-ல் எவால்ட் குரோ தசை நோயாளர்களுக்கான அமைப்பைத் தொடங்கினார். அவரும் தசை நோயோடு வாழ்ந்தவர்தான். வீட்டிலேயே சுவாசக் கருவி, கூடவே இருக்க உதவியாளர் என்று அவர்கள் போராடிப் பெற்ற உரிமைகளால், சிறு வயதிலேயே இறந்துபோவார்கள் என்று கருதப்பட்ட பிள்ளைகள் நடுவயது வரை வாழ்கிறார்கள். சுமார் 60 லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்த நாடு 2018 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை வந்ததற்கு இதுவே அடித்தளம்.

முதல் உலகக் கோப்பை 2004-ல் ஹெல்சிங்கியில் நடந்தது. 2010-ல் இத்தாலியின் லிக்னானோவில் ஜெர்மனி வென்றது; 2014-ல் மியூனிக்கில் நெதர்லாந்து. 2018-ல் மீண்டும் லிக்னானோ. இம்முறை சொந்த மண்ணில் இத்தாலி டென்மார்க்கை வீழ்த்தியது. 2022 போட்டி சுவிட்சர்லாந்தின் சுர்சேயில். இடங்கள் எல்லாமே ஐரோப்பாவில்தான். ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இந்த ஆட்டம் உண்டு. ஆனால் வட அமெரிக்கா தனக்கென்று வேறு விதிகளோடு வளர்ந்ததால், அங்கிருந்து உலகப் போட்டிக்கு வருபவர்கள் ஆட்டத்தையே கொஞ்சம் மாற்றிக் கற்க வேண்டியிருக்கிறது.

2020 டோக்கியோ பாராலிம்பிக்கில் இடம் கேட்ட ஆட்டங்களில் இதுவும் ஒன்று. பேட்மிண்டனும் டேக்வாண்டோவும் உள்ளே போயின, இதற்குக் கதவு திறக்கவில்லை. குழு ஆட்டம் என்றால் உலகின் மூன்று பகுதிகளில், குறைந்தது 24 நாடுகளில் பரவலாக ஆடப்பட வேண்டும் என்பது பாராலிம்பிக் குழுவின் அளவுகோல். மற்ற ஆட்டங்களுக்கு இது நியாயமாக இருக்கலாம். ஒரு பந்தும் மைதானமும் இருந்தால் கால்பந்து பரவும். இங்கோ ஓர் அணி சேர, கார் விலைக்கு ஈடான நாற்காலிகள் வரிசையாக வேண்டும். ஒவ்வொரு வீரருக்கும் உதவியாளர் வேண்டும். சிலருக்குச் சுவாசக் கருவியும் வேண்டும். அந்த நாற்காலியை விமானத்தின் சரக்கு அறைக்குள் அனுப்புவதே கலக்கம் தரும் வேலை. அமெரிக்க விமான நிறுவனங்கள் அரசுக்கு அளித்த கணக்குப்படி, 2023-ல் மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட சக்கர நாற்காலிகளும் ஸ்கூட்டர்களும் சேதமாகின, காணாமல் போயின, அல்லது தாமதமாக வந்து சேர்ந்தன. நாற்காலி உடைந்தால் வீரருக்கு ஆட்டம் மட்டுமல்ல, நகர்வதும் நின்றுபோகிறது.

கடுமையான இயக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கான போச்சா என்ற ஆட்டம் 1984 முதலே பாராலிம்பிக்கில் இருக்கிறது. ஆகவே இத்தகைய உடல்களுக்கு அங்கே இடமே இல்லை என்று சொல்ல முடியாது. நாடுகளின் எண்ணிக்கையைக் கேட்கும் குழு, ஒரு நாடு அணி சேர்க்க என்ன செலவாகும் என்பதையும் அளவுகோலில் சேர்க்க வேண்டும். பழைய விளையாட்டு நாற்காலிகளைப் புதிய நாடுகளுக்கு அனுப்பவும், பயிற்றுநர்களை உருவாக்கவும் நிதி தர வேண்டும். அதுவரை 24 என்ற எண், நோயாளருக்கு நாற்காலி வாங்கித்தரும் நாடுகள் எத்தனை என்பதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும்.