இதயத் தசைத் தடிப்பு: வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோரும் எக்கோ எடுங்கள்

ரத்தக் கொதிப்பு இல்லாமலே இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய் ஒன்று உண்டு. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. மைதானத்தில் விளையாடும் இளைஞர் திடீரென விழுந்து இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனவே உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும், உடம்பு நன்றாக இருந்தாலும், ஈசிஜி, எக்கோ எடுக்க வேண்டும். நம் ஊரில் ஜிப்மர் இருக்கிறது. வரன் பார்க்கும் நேரம் என்று சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் மாத்திரைதான்: மெட்டோபிரோலால், வெரபமில் போன்றவை. அதற்கும் மூச்சுத் திணறல் அடங்காமல், தடித்த தசை ரத்தம் வெளியேறும் வழியை அடைத்தால், நெஞ்சைத் திறந்து அந்தத் தசையைச் செதுக்கி எடுப்பார்கள். இன்னொரு வழி, குழாய் செலுத்தி, அத்தசைக்குப் போகும் சிறு ரத்தக்குழாயில் ஓரிரு மில்லி ஆல்கஹால் விட்டுச் சுருங்க வைப்பது. பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். இது பானம் அல்ல, தசையைக் கருக்கும் மருந்து. மனம் ஒப்பாவிட்டால் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். திடீர் மரண ஆபத்து உள்ளவர்களுக்கு ஐசிடி கருவி பொருத்துவார்கள். துடிப்பு தாறுமாறானால் அதுவே மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும்.

அடைப்பு உள்ளவர்களுக்கு உடலில் நீர் வற்றக் கூடாது. ரமலானுக்கு முன்பே நோன்பு பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையைத் தாமாகப் போடாதீர்கள்; அது அடைப்பைக் கூட்டும்.