வேலியடைப்போர் கூலியும் வாழ்க்கைச் செலவும்

யாழ்ப்பாணத்தில் பூவரசு, கிளுவை முதலியவற்றின் கதியால்களை நட்டு, பனையோலையோ கிடுகோ வைத்து, வரிச்சுப் பிடித்து வேலியடைத்தல் பயிற்சி வேண்டிய தொழிலாகும். இத்தொழிலாளர் பெறுங் கூலி போதியதா என ஆராயுமிடத்து, பணக்கூலி வேறு, மெய்க்கூலி வேறு என்பதை உணர்தல் வேண்டும். கையிற் பெறும் ரூபாய் பணக்கூலி. அதுகொண்டு வாங்கத்தக்க பண்டங்களின் அளவே மெய்க்கூலி.

தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பருடன் முடிந்த ஓராண்டில் இலங்கையில் உணவு விலை 85.8 சதவீதம் உயர்ந்தது. அவ்வோராண்டில் ஒருவரது நாட்கூலி 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக ஏறியதெனக் கொள்வோம். உணவைப் பொறுத்தமட்டில் அப்புதிய கூலி முன்னைய 807 ரூபாய்க்கே ஈடாகும். பணக்கூலி ஏறியும் மெய்க்கூலி ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்தது. வருவாயின் பெரும்பகுதியை உணவுக்கே செலவிடும் குடும்பத்துக்கு இவ்விழப்புச் சிறிதன்று.

வேலைநாட்களின் தொகையையும் நோக்குதல் வேண்டும். விலையேறுங் காலத்தில் வீட்டுக்காரரும் இடர்ப்படுதலின், உக்கிய ஓலையை மாற்றாது அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவர். எனவே, மெய்க்கூலி சுருங்கும்போதே வேலையுஞ் சுருங்குகின்றது. வேலை சில நாட்களுக்கே உரியது. பசியோ நாள்தோறும் உள்ளது. ஆதலின், ஒரு நாட்கூலியை மட்டும் நோக்காது, ஆண்டு முழுவதும் ஈட்டுங் கூலியைக் குடும்பத்தின் ஆண்டுச் செலவோடு ஒப்பிடுதலே நேரிய அளவையாகும்.