சல்லடை வாயிலைக் கடக்கும் நார்

தானியத் தவிட்டிலும் கிழங்குகளிலும் உள்ள நார்ச்சத்தை உடைக்கும் செரிமான நொதி எதையும் கோழியின் உடல் சுரப்பதில்லை என்பதால், நார் வெறும் சக்கை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1995ஆம் ஆண்டில் கிளென் கிப்சனும் மார்செல் ராபர்ஃப்ராய்டும், உண்ட உயிரால் செரிக்க இயலாமல் குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு இரையாகும் பொருள்களுக்குப் ‘பிரீபயாட்டிக்’ எனப் பெயரிட்டனர். அப்பெயர் கோழித் தீவனத்திலும் நிலைத்துவிட்டது. ஆயினும் நாரின் அளவைக் காட்டிலும் அதன் தன்மையே பயனைத் தீர்மானிக்கிறது என்பது இன்னும் போதிய அளவு உணரப்படவில்லை.

இதன் காரணம் கோழிக்குடலின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுகுடல் முடியும் இடத்தில், ஒரு முனை மூடிய இரண்டு நீண்ட பைகளாகக் குருட்டுக்குடல்கள் கிளைக்கின்றன. அவற்றினுள் ஒரு கிராம் பொருளில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. நொதித்தல், அதாவது காற்றில்லாச் சூழலில் பாக்டீரியாக்கள் நாரைச் சிதைத்து அமிலங்களாக்கும் வினை, பெரும்பாலும் இங்கேதான் நிகழ்கிறது. ஆனால் பைகளின் வாயிலில் நெருங்கி நிற்கும் குடலுறிஞ்சிகள் சல்லடைபோல் செயல்பட்டு, நீரையும் நீரில் கரைந்தவற்றையும் மிக நுண்ணிய துகள்களையும் மட்டுமே உள்ளே விடுகின்றன. எனவே கரையாத உமி வெளியேறிவிடுகிறது. அதுவும் வீணன்று, அரைவைப்பையின் தசையை அது வலுப்படுத்துகிறது.

கரையும் நார்களுக்குள்ளும் சங்கிலியின் நீளம் வேறுபாட்டை உண்டாக்குகிறது. பத்துச் சர்க்கரை அலகுகளுக்கு உட்பட்ட ஃபிரக்டோ-ஒலிகோசாக்கரைடு விரைவாக நொதிக்கிறது. சிக்கரி வேரிலிருந்து எடுக்கப்படும், ஏறத்தாழ 60 அலகுகள் வரை நீளும் இன்யூலின் மெதுவாக நொதிக்கிறது. லாக்டோபேசில்லஸ் போன்றவை இவற்றை லாக்டிக் அமிலமாக மாற்ற, வேறு சில பாக்டீரியாக்கள் அதை உண்டு பியூட்டிரிக் அமிலத்தை வெளியிடுகின்றன. இவ்வமிலம் குடற்சுவரின் செல்களுக்கு உணவாவதுடன், சால்மொனெல்லா போன்ற நோய்க்கிருமிகள் பெருக இயலாத புளிப்புச் சூழலையும் உருவாக்க உதவுகிறது.

கரைவதெல்லாம் நன்மையே செய்யும் என்றும் கொள்ளலாகாது. கோதுமை, ரை ஆகியவற்றின் அராபினோசைலனும் பார்லியின் பீட்டா-குளுக்கனும் சிறுகுடலில் கூழ்போல் பிசுபிசுத்து, சத்துகள் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, எச்சத்தை ஒட்டும் தன்மையுடையதாக்கி, குடல் அழற்சியை விளைவிக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகவும் இடமளிக்கின்றன. அதே அராபினோசைலனைச் சைலனேஸ் என்னும் நொதி சிறு துண்டுகளாக வெட்டிவிட்டால், பிசுபிசுப்பு நீங்குவதோடு, அத்துண்டுகளே பிரீபயாட்டிக்காக மாறுகின்றன. தீமை செய்த பொருளையே நன்மை செய்ய வைக்கும் இவ்வழியே இத்துறையின் மிகப் பயனுள்ள கண்டுபிடிப்பு எனலாம்.

வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் முற்றாகத் தடைசெய்தபின் இந்த அறிவின் தேவை பன்மடங்கு கூடியது. ஆயினும் தீவன மூட்டையின் மேல் அச்சிடப்படும் ‘கச்சா நார்’ சதவீதம், அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்தபின் எஞ்சுவதையே குறிக்கிறது. சல்லடையைக் கடந்து நொதிக்கும் கரையும் நார் அந்தக் கொதிப்பிலேயே கரைந்து கணக்கிலிருந்து விடுபட்டுவிடுகிறது.