ஒட்டிய சூத்திரமும் பழைய கணக்கும்

வேலையைக் குறைக்கத்தான் கணினி வந்தது. ஆனால் எக்செலில் ஒரு கோப்பில் எழுதிய சூத்திரத்தை இன்னொரு கோப்பில் ஒட்டும்போது, பல நேரங்களில் பழைய பிழையையும் சேர்த்தே நகல் எடுத்துவிடுகிறோம்.

கெலுகோரில் எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சம்பளக் கணக்குக்கு ஆண்டுக்கு ஒரு கோப்பு. ஊழியர் சேமநிதிக்குத் தொழிலாளி செலுத்தும் பங்கு எவ்வளவு? 11 விழுக்காடு என்போம். ஆனால் அது 2020 ஏப்ரலில் 7 ஆகக் குறைந்தது. 2021 ஜனவரியில் 9 ஆனது. 2022 ஜூலையில் மீண்டும் 11 ஆனது.

சூத்திரத்துக்குள்ளேயே 9 என்று எழுதிய 2022 ஜனவரித் தாளை 2023 கோப்பில் அப்படியே ஒட்டினால் என்ன ஆகும்? 2,000 வெள்ளிச் சம்பளத்துக்கு 220 வெள்ளி பிடிக்க வேண்டிய இடத்தில் 180 வெள்ளிதான் பிடிபடும். கையில் 40 வெள்ளி கூடுதலாக வருவதால் தொழிலாளியும் கேட்கமாட்டார். எட்டுப் பேருக்கும் அதே சம்பளம் என்றால் மாதம் 320 வெள்ளி குறையும். குறைவது அவர்களின் முதுமைக்கால சேமிப்பு. பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் பாக்கிக்கும் தாமதக் கட்டணத்துக்கும் முதலாளிதான் பொறுப்பு.

ஆகவே விகிதத்தைச் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். தனித் தாளில் ஒரே கட்டத்தில் வைத்து, பக்கத்தில் எந்தத் தேதி முதல் என்றும் எழுதுங்கள்.

அப்படிச் செய்தாலும் இன்னொரு பொறி உண்டு. வேறொரு தாளைச் சுட்டும் சூத்திரத்தைப் புதிய கோப்பில் ஒட்டினால், பழைய கோப்பின் பெயர் சதுர அடைப்புக்குறியில் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். புதிய கோப்பு பழைய கோப்பிலிருந்தே எண்ணை எடுக்கும். கோப்பைத் திறக்கும்போது இணைப்பைப் புதுப்பிக்கவா என்று எக்செல் கேட்கும். பலரும் படிக்காமலே பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்.

இதற்கு வழி எளிது. கட்டத்தை நகல் எடுக்காமல், மேலே உள்ள சூத்திரப் பட்டையில் தெரியும் எழுத்தை நகல் எடுத்து, எஸ்கேப் விசையை அழுத்திவிட்டு, புதிய கோப்பில் ஒட்டுங்கள். விகிதத் தாள் அங்கேயும் அதே பெயரில் இருக்க வேண்டும். சூத்திரங்கள் நிறைய இருந்தால், கண்டுபிடித்து மாற்றும் வசதியால் சமக் குறிகளை எல்லாம் # என்று மாற்றி, ஒட்டிய பிறகு இரண்டு கோப்பிலும் திருப்பி மாற்றுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டீர்களா? டேட்டா பட்டியலில் இணைப்புகளைத் திறந்து, மூலக் கோப்பாகப் புதிய கோப்பையே காட்டுங்கள். ஆண்டுதோறும் தேவைப்படும் கணக்கு என்றால், எண்கள் இல்லாத வெற்றுக் கோப்பை டெம்ப்ளேட்டாகச் சேமித்து, அதிலிருந்தே தொடங்குவது நல்லது.

சின்னக் கடைக்குத்தான் இந்தத் தொல்லை என்று எண்ண வேண்டாம். 2012இல் அமெரிக்காவின் ஜேபி மோர்கன் வங்கி லண்டனில் நடந்த வணிகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அதன் அபாயக் கணக்கு எக்செல் கோப்புகளில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகலெடுத்து ஒட்டி நடந்ததை வங்கியின் சொந்த விசாரணை அறிக்கையே 2013இல் ஒப்புக்கொண்டது. சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்த ஒரு சூத்திரம், அபாயத்தைக் குறைத்துக் காட்டியிருந்தது.

கணினி தவறாகக் கூட்டாது. நாம் காட்டிய எண்ணைத்தான் கூட்டும். எனவே புதிய கோப்பின் முதல் மாதத்தில் ஒரே ஒரு தொழிலாளியின் தொகையையாவது சேமநிதி வாரியத்தின் மூன்றாம் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.