முதன்மை விழுந்தால்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இப்போது காலை; உங்களில் சிலருக்கு இரவாகியிருக்கும். சென்ற அமர்வில் யாழ்ப்பாண நூலகம் பற்றிப் பேசியபோது, "கணினியில் இருந்திருந்தால் அழிந்திருக்காதே?" என்று ஒரு நண்பர் கேட்டார். தரவுத்தளங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. ஆகவே பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

1981இல் எரிந்த அந்த நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. சில சுவடிகளுக்கு வேறு படியே கிடையாது. எங்கள் தொழிலில் படி உண்டு. முதன்மை சர்வரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பதிவேட்டில் ஏறும். இரண்டாவது சர்வர் அதை வாங்கி, வரிசை மாறாமல் தன்னிடமும் செய்துகொண்டே வரும். இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். ஏடு பார்த்துப் படியெழுதுபவர் மாதிரி, ஓரிரு வரி பின்தங்கியே இருப்பார். முதன்மை விழுந்தால் அவரை முதன்மையாக உயர்த்த வேண்டும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதற்கு ஒரே ஒரு கட்டளை.

கட்டளை எளிது. முதன்மை உண்மையிலேயே செத்துவிட்டதா, இல்லை நடுவிலுள்ள இணைப்புதான் அறுந்ததா என்பதில்தான் தூக்கம் போகும். உயிரோடிருப்பவருக்குத் திதி கொடுத்துவிட்டு மகனுக்குப் பட்டம் கட்டினால், வீட்டில் இரண்டு கணக்கு எழுதப்படும்.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப்பில் இதுதான் நடந்தது. பழுதான கருவியொன்றை மாற்றும்போது அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 விநாடிகள் அறுந்தது. தானியங்கி மென்பொருள் மேற்குக் கரைப் படியை முதன்மையாக்கிவிட்டது. கிழக்கில் எழுதிய சில விநாடிப் பதிவுகள் மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. மேற்கிலோ புதியவை குவிந்தன. எதையும் இழக்க மனமில்லாமல் காப்புப் பிரதிகளிலிருந்து மீட்டார்கள். சேவை சீராக 24 மணி 11 நிமிடம் ஆனது. அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அவசரப்பட்டு ஒரு பக்கத்தை வீசியெறிவது சுலபமாயிருந்திருக்கும்.

அதனால் நான் முதலில் செய்வது, பழைய முதன்மை இனி எழுத முடியாதபடி நிறுத்துவது, மின்சாரத்தைத் துண்டித்தாவது. பிறகு ஸ்டாண்ட்பை எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த இடைவெளிதான் நமக்கு இழப்பு. அதன் பிறகே உயர்த்துவது, செயலிகளைப் புதிய முகவரிக்குத் திருப்புவது எல்லாம். பழையது எழுந்து வந்தால் பழைய இடம் கிடையாது. புதியதன் படியாகத்தான் சேரலாம்.

இரண்டும் ஒரே ஊரில் இருக்கவும் கூடாது. 1998 ஜனவரி உறைமழையை இங்கே அனுபவித்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி நண்பரின் கேள்வி. அழியும். யாராவது ஓர் அட்டவணையை அழித்தால், ஸ்டாண்ட்பை அந்தக் கட்டளையையும் விசுவாசமாகப் படியெடுக்கும். அதற்குத்தான் நேற்றைய நிலையைத் தனியே, வேறொரு கட்டடத்தில், யாரும் தொடாத வட்டில் வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அதைத் திறந்து, மீள்கிறதா என்றும் பார்த்துக்கொள்கிறேன்.