ஏரிக்கரையில் ஓடும் குதிரை

ரொம்பப் பிடித்த புத்தகம் எது என்று தமிழ் வாசகர்கள் சிலரைக் கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருவர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவல் என்பார். சொன்ன கையோடு, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் நாயகன் வந்தியத்தேவனை நேரில் கண்டவர்போல வர்ணிக்கவும் தொடங்கிவிடுவார். அவர் கண்டதோ வெள்ளைத் தாளில் கறுப்பு மை. பிறகு குதிரை எங்கிருந்து வந்தது?

கண்ணிலிருந்து தொடங்குவோம். படிக்கும்போது பார்வை வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். உண்மையில் அது தவளைபோலத் தாவுகிறது. ஓரிடத்தில் கால் நொடி நிற்கும். உடனே அடுத்த இடத்துக்குக் குதிக்கும். இதற்கு விழித்தாவல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விழித்திரையில் எழுத்தைக் கூர்மையாகக் காணும் பகுதி மிகச் சிறியது என்பதால்தான் இந்தத் தாவல். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். நகம் மறைக்கும் இடம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான் நமக்குத் தெளிவு.

தாவும் நேரம் நொடியில் 100இல் 3 பங்கு. அந்த இடைவெளியில் கண்ணில் விழும் கலங்கல் காட்சியை மூளை அமுக்கிவிடுகிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். விழி அசைவது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இப்போது ஒரு கணக்குப் போடலாம். 2,000 பக்க நாவல், பக்கத்துக்கு 200 சொல், சொல்லுக்கு ஒரு தாவல் என்றால் மொத்தம் 4 லட்சம் தாவல்கள். ஏறத்தாழ 3 மணி 20 நிமிடம் இருட்டு! ஒரு முழுநீள சினிமா ஓடும் நேரம் எதையும் காணாமலே இருந்திருக்கிறோம். கதையில் ஒரு கீறல்கூட விழவில்லை.

1975இல் ஜார்ஜ் மெக்கான்கி, கீத் ரெய்னர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் செய்த சோதனை இதைவிட விசித்திரம். கணினித் திரையில் வாசகரின் பார்வை விழும் இடத்தைச் சுற்றி மட்டும் உண்மையான எழுத்துகள். மற்ற இடமெல்லாம் பொருளற்ற எழுத்துகள். பார்வை நகர நகர அந்த ஜன்னலும் கூடவே நகரும். ஜன்னல் போதிய அகலமாக இருந்தால் படிக்கும் வேகம் குறையவே இல்லை. ஆங்கிலம் படிப்பவர் இடப்பக்கம் மூன்று நான்கு எழுத்துகளையும், வலப்பக்கம் சுமார் 15 எழுத்துகளையும் பயன்படுத்திக்கொள்கிறார். வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ரு மொழியில் இந்தப் பக்கச் சாய்வு தலைகீழ்! பார்வையின் வடிவத்தையே மொழி வளைத்துவிடுகிறது.

இனி மூளைக்கு வருவோம். எழுத்து பிறந்து சுமார் 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. படிப்பதற்கென்று தனி உறுப்பு பரிணமிக்க அந்தக் காலம் போதாது. அதனால் மூளை ஒரு தந்திரம் செய்கிறது. இடப்பக்கப் பின்பகுதியின் அடியில், உருவங்களை இனம் காணும் இடத்தில் ஒரு துண்டை எழுத்துக்கு ஒதுக்குகிறது. 1887இல் பாரிஸ்காரர் ஒருவருக்கு மூளையின் அந்தப் பக்கம் பாதிக்கப்பட்டு, திடீரென வாசிக்கும் திறன் போயிற்று. பேச முடிந்தது, எழுதவும் முடிந்தது; தாம் எழுதியதைத்தான் படிக்க முடியவில்லை. இதில் என்னை அசரவைப்பது வேறொன்று: பார்வையற்றோர் பிரெய்ல் புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கும்போதும் இதே துண்டு விழிக்கிறது.

அடுத்துத்தான் குதிரை வருகிறது. மனிதர்கள் கதை படிக்கும்போது மூளையை ஸ்கேன் எடுத்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. பாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுக்கும் வரியில், வாசகர் மூளையில் கையசைவோடு தொடர்புள்ள பகுதி சுறுசுறுப்பாயிற்று. வந்தியத்தேவன் கடிவாளத்தைப் பிடிக்கும்போது, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நமக்குள்ளும் ஏதோ ஒன்று பிடித்துப் பார்க்கிறது என்றே நினைக்கிறேன்.

பிடித்த புத்தகத்தை மறுபடி எடுக்கும்போது கண்ணின் நடையும் மாறுகிறது. நிறுத்தங்கள் சுருங்குகின்றன, தாவல்கள் நீள்கின்றன. முதல் முறை முடிச்சைத் தேடி ஓடியவர், இம்முறை ஏரியின் அலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லவில்லை. அந்த அத்தியாயம் வந்ததும் பழைய வாசகரும் வேகம் குறைத்து, போன வரிக்குத் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகத் துழாவுகிறார்.